இருபது நிமிடம்

குழலை உருவியாயிற்று.
இனி என் வலக்கையின் மூன்று விரல்கள்தாம்,
அவற்றின்மேல் இடக்கை,
எலெயுதேரியோ பார்ரீயாவின் தொடையிடுக்கில்
மிளகளவு துளை ஒன்றை அடைத்தபடி.
கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால்,
எனக்கு மட்டும் தெரிகிற சுவரில்.

வெளியே புந்தா அரேனாஸின் காற்று
ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்குகிறது.
காலையில் வரும்போதே
சதுக்கத்தில் கயிறு கட்டியிருந்தார்கள்,
பிடித்து நடக்க.

"அசையாதீர்கள்" என்கிறேன்.
"நானா? படுக்கையல்லவா அசைகிறது" என்கிறார்.
நாற்பது வருடம் ஜலசந்தியில் நண்டுப் படகு ஓட்டியவர்.
எல்லாத் தரையும் அவருக்குக் கொஞ்சம் ஆடும்.

சற்று முன்பு திரையில் பார்த்தேன்.
சாயம் பாய்ந்ததும்
இடப்பக்கம் முழு மரமாய்க் கிளைத்தது.
வலப்பக்கம் வாசலிலேயே நூலாகி
நூலுக்கப்பால்
தயங்கித் தயங்கி ஒரு குச்சி.
"உடம்பு சுடுகிறது… படுக்கையை நனைத்துவிட்டேனோ"
என்று வெட்கத்தோடு முணுமுணுத்தார்.
இல்லை, சாயத்தின் வேலை, எல்லோருக்கும் தோன்றும் என்றேன்.

பாவம் அந்தச் சிறுநீரகம்.
தன் வாய்க்காலில் வரத்துக் குறைந்ததும்
ஊரே வறண்டதென்று நம்பிவிட்டது.
வருஷக்கணக்காய் ஓலைமேல் ஓலை:
அழுத்து, இன்னும் அழுத்து.
இதயமும் கேட்டு நடந்தது.
இருநூற்றுப் பத்து.
நான்கு மாத்திரைக்கும் இறங்காத எண்.
வெள்ளத்தில் நின்றுகொண்டு பஞ்சம் பஞ்சமென்று
கூவியிருக்கிறது ஒரு கைப்பிடிச் சதை.
பொய்யென்று சொல்ல முடியாது.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் குஸானோவிச் பலூனை ஊதியபோது
விலாவுக்குக் கீழே ஆழத்தில் ஒரு வலி
வந்து, நின்று, போனது அவருக்கு.
பிறகு ஸ்டென்ட்.
ஆறு மில்லிமீட்டர் அகலம், பதினெட்டு நீளம்,
காதணியில்கூடக் கோக்கலாம் போல ஒரு கம்பிக் கூடு.
விரிந்தது. பதிந்தது. இனி அங்கேதான்.
மறுபடி சாயம் விட்டோம்.
குச்சியில் திடுமெனக் கிளை, கிளையில் கிளை.
யாரும் கைதட்டவில்லை.
குஸானோவிச் காப்பி கேட்டார்.

ஒன்பதாவது நிமிடம்.
மூக்கு அரிக்கிறது. கை காலியில்லை.

"ஒன்று கேட்கலாமா?
இத்தனை நாள் என் கோபமெல்லாம்
இந்தக் குழாயால்தானே வந்தது?"
கூரையைப் பார்த்துக் கேட்டார்.
தம்பி ருப்பெர்த்தோ
பெண் நண்டு ஒன்றைக் கடலுக்குத் திருப்பவில்லையாம்.
ஆட்கள் முன்னால் அறைந்து
அடுத்த துறையிலேயே இறக்கிவிட்டாராம்.
பதினோரு வருடம்.

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்தது.
அவர் கால் வேறு என் கையில் இருந்தது.
"அழுத்தம் ஏறினால் சத்தம் போடாது, தொன் எலெயுதேரியோ.
எங்களுக்கே கருவி கட்டினால்தான் தெரிகிறது."

என் விரல்களுக்கடியில்
துடிப்பு கொஞ்சம் விரைந்தது,
பிறகு தணிந்தது.
பதிமூன்று. பதினான்கு.
காற்று எதையோ கூரையில் இழுத்துப் போனது.

"பெண் நண்டும் இல்லை அது" என்றார்.
"அவன் போனபிறகு புரட்டிப் பார்த்தேன்.
ஆண்தான்."

இருபது.
ஒவ்வொரு விரலாய் எடுத்தேன்.
பஞ்சு உலர்ந்திருந்தது,
தோலில் மூன்று வெளிறிய குழிகள்.
ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது,
இருமினால் இங்கே அழுத்திக்கொள்ளுங்கள் என்றேன்.
மாத்திரையை நிறுத்திவிடலாமா?
ஒன்றிரண்டு குறையலாம். பார்ப்போம்.
குறிப்பேட்டில் எழுதினேன்: நூற்றைம்பத்தெட்டு.
மற்றதை எழுத அதில் இடமில்லை.

ஏழு மணிக்குச் சதுக்கம்.
கயிற்றைப் பிடிக்கப் பார்க்கிறேன்,
விறைத்த மூன்று விரல்கள் மடங்க மறுக்கின்றன.
முழங்கையில் கோத்துக்கொண்டு
காற்றுக்குள் நடக்கிறேன்.