எண்பது மீட்டர்

கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்தாவது வேண்டும் என்றேன்.
"ஏளா, தமிழ்ல ஏது பெரிய எழுத்து?"
என்றான் சொரிமுத்து.
என்னிடம் பதில் இல்லை.

பணகுடியில் அவன் வீட்டு மாடி.
ஆனிக் காற்று தகரத்தைப் பிடித்து
உலுக்கிக்கொண்டிருந்தது.
இதே காற்றில் பதினெட்டு வருஷம்
காற்றாடி மேல் ஏறி இறங்கியவனுக்குச்
சித்திரையோடு கணக்கு முடித்துவிட்டார்கள்.
இனி ஆள் பிடிக்க வேண்டும்.
குஜராத்திலோ டென்மார்க்கிலோ
காற்று வீசும் ஊர்களில் வேலை கொடுக்கிற ஆட்களை,
கீறல் விழுந்த இந்தச் செல்போனுக்குள்.

உங்களைப் பற்றி இரண்டு வரி என்று கேட்டது திரை.
"காற்றாலைப் பராமரிப்பில்
பதினெட்டு ஆண்டு ஆழ்ந்த அனுபவம்"
அடித்து, வாசித்தும் காட்டினேன்.
"ஆழமா? நான் மேலல்லா போனேன்."

அழித்தேன்.
அவன் சொல்லச் சொல்ல அடித்தேன்:
எண்பது மீட்டர் ஏறுவேன்.
இதுவரை ஒரு ஸ்பேனரைக் கீழே விட்டதில்லை.
அதைத் திருத்த எனக்குக் கை வரவில்லை.

இருந்த ஒரே போட்டோவில்
தலைக்கவசம், கயிறு, கறுப்புக் கண்ணாடி.
முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெயில்.
மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டு
சுண்ணாம்புச் சுவரோரம் நிறுத்தினேன்.
சிரிலே என்றால்
போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது மாதிரி நின்றான்.

நடுவில் பேராச்சிசெல்வி போன் பண்ணினாள்.
பாலிடெக்னிக் பக்கத்து ஹாஸ்டல்காரி,
ஹைகிரவுண்டில் பிரசவ வார்டு நர்ஸ்.
"அவனுக்கு மட்டுமா? எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு.
நான் பிரசவம் பாத்த பிள்ளையளை எல்லாம்
அதுல சேக்கலாமா?"
வளர்ந்து வேலைக்குப் போகட்டும், சேர்க்கலாம் என்றேன்.
"மூத்தது இப்ப ஓசூர்ல இன்ஜினியரு" என்றாள்.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று
திரை காட்டிய முதல் முகம்
அவன் பெயரை அடித்த சூப்பர்வைசர்.
"தெரியுமான்னு கேக்கு."
சொரிமுத்துவின் விரல் அந்தரத்தில் நின்றது.
கிரீஸ் ஏறிய நகம்.
"தெரியாமலா" என்றான்,
எதையும் அமுக்கவில்லை.

மூன்று வாரத்தில் பதினோரு பேர்.
சேர்த்துக்கொண்ட ஒவ்வொருவருக்கும்
நம்பர் தேடிப் போன் போடுகிறான்.
"அண்ணாச்சி, சேத்துக்கிட்டீங்க, சந்தோசம். சாப்ட்டாச்சா?"
சூரத்தில் ஒருவர் பயந்து கட் பண்ணிவிட்டார்.
பூனாக்காரர் இந்தியில் கால்மணி நேரம் பேசினாராம்,
இவனுக்கு இந்தி தெரியாது.
இப்படியெல்லாம் யாரும் செய்யமாட்டார்கள் என்றேன்.
"பின்ன எதுக்குச் சேக்காவ?"

என் பக்கத்தில் ஆயிரத்து நானூறு பேர்.
பத்துப் பேர் குரல்கூட எனக்குத் தெரியாது.
அதை அவனிடம் சொல்லவில்லை.

ஆடி பிறந்து நாலாம் நாள், ராத்திரி பதினொன்று.
"ஏளா, முழிச்சிருக்கியா? அவரு கேட்டிருக்காரு."
யாரு?
"அவருதான். அவருக்கும் வேலை போச்சாம்.
என்கிட்ட வந்து கேக்காரு."
போனுக்குள் காற்று மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
மொட்டைமாடியில் நிற்கிறான் போல.

"என்ன எழுதியிருக்காரு தெரியுமா?
இருவத்தாறு வருஷம் ஆழ்ந்த அனுபவம்னு.
அது சரிதான், மனுசன் கீழயே நின்னவரு."
சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை.
"எந்தப் பொத்தான்?"

நீலம் என்றேன்.
உனக்கு இஷ்டமில்லைன்னா விட்டுரு என்றேன்.
அதற்குள் அமுக்கியிருந்தான்.

"வையி, அவருக்குப் போன் போட்டுட்டு வாரேன்."

பத்து நிமிஷம். இருபது.
நான் தூங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினொன்று, பன்னிரண்டாகியிருந்தது.

திரும்பவும் மணி அடித்தது.
"சாப்பிடலையாம்.
போட்டோவும் நல்லால்ல, பாதி மொகம் இருட்டு.
ஞாயித்துக்கிழம கூட்டியாரட்டா?
அந்தச் சுவரு காலியாத்தான கெடக்கு."