ஹோல்ட் தட்டு

முதல் ரத்தம் இரவு ஒன்பது இருபதுக்கு.
அடுத்தது பன்னிரண்டு இருபதுக்கு.
நடுவில் மூன்று மணி நேரம்
எனக்குப் பெயர் உண்டு, தீர்ப்பு இல்லை.

"பன்னிரண்டு," என்றார் டாக்டர் ஊய்.
"கோட்டுக்குக் கீழேதான். ஆனால்
ஒரே ஒரு எண்ணை வைத்து எதையும் சொல்லமாட்டேன்."
சரிதான்.
நானும் சொன்னதில்லை.

இருபத்து மூன்று வருஷமாக, பாயான் லெப்பாஸ் ஆலையில்
மைக்ராஸ்கோப்பின் கீழே சில்லுகளைப் பார்க்கிறவள் நான்.
மயிரிழை விரிசல், தூசி, ஒட்டாமல் விட்டுப்போன தங்கக் கம்பி.
பச்சைத் தட்டு நல்லது. சிவப்பு கழிவு.
மஞ்சளில் வைத்தால் ஹோல்ட்:
இன்னொரு கண் பார்க்கும்வரை
அது சரக்கும் இல்லை, குப்பையும் இல்லை.
என்னைத் தள்ளிவந்து விட்ட கூடத்தின் பலகை
ஸோன் கூனிங் என்றது. மஞ்சள் பகுதி.
சிரித்துவிட்டேன். ஏன் என்று மிஸி கேட்கவில்லை.

ஷிப்ட் முடியுமுன் தாடை வலித்தது. பல் என்று நினைத்தேன்.
பிறகு முதுகில், தோள்களுக்கு நடுவே,
யாரோ கட்டைவிரலை அழுத்தி
எடுக்க மறந்துபோன மாதிரி.
வாயு என்றாள் ரொஹானா, கேண்டீன் நாசி லெமாக் என்றாள்,
சொல்லிக்கொண்டே கார் சாவியை எடுத்தாள்.
நெஞ்சு மட்டும் வலிக்கவே இல்லை.
ஈசிஜி தாளும் அதற்குச் சாட்சி சொல்வது போல
ஒழுங்காக ஏறி இறங்கி ஓடியது.
அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கட்டத்தில்
அவர் பெயரை எழுதி, அடித்து,
ரொஹானாவின் நம்பரை எழுதினேன்.

பக்கத்துக் கட்டிலில் மிஸ்டர் கோ, செருப்புக்கடைக்காரர்.
அவருக்கு முதலில் ஐந்து. மூன்று மணி கழித்தும் ஐந்து.
"சாமா," என்று இரண்டு விரலை ஒட்டிக் காட்டினார்.
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போயே போனார்,
ஜெலுத்தோங்குக்கு, தன் வீட்டுச் சோற்றுக்கு.
ஒரு மனிதர் மேல் இத்தனை பொறாமை
எனக்கு வந்ததே இல்லை.

இதயத் தசை நோகும்போது
தன்னில் கொஞ்சத்தை ரத்தத்தில் கசியவிடுமாம்.
ட்ரோப்போனின் என்று பேர்.
வாய் மறைத்ததை அது சொல்லும், ஆனால் மெதுவாக.
மணி பார்த்துத்தான் கேட்கவேண்டும்.
அவர் ஜொகூரில் இன்னொரு வீடு வைத்ததை
நான் என் தங்கையிடம் சொல்லவே
எட்டு மாதம் ஆனது.

நாற்பத்தொன்று.

"எண் பெரிதில்லை. ஏறியிருக்கிறது, அதுதான்,"
என்றார் டாக்டர், உட்கார்ந்துகொண்டு.
இதுவரை நின்றே பேசியவர்.

பிறகு எக்கோ. ஹிதாயா என்ற சின்னப் பெண்.
இடப்பக்கம் சாயச் சொன்னாள், விளக்கை அணைத்தாள்,
ஜெல் குளிர்ந்தது.
திரையில் விசிறியாய் விரிந்த சாம்பல் வெளிச்சத்துக்குள்
கதவுகள் திறந்து மூடின, திறந்து மூடின.
ஒரிடத்தில் அவள் கை நின்றது.
அந்த நிற்றல் எனக்குத் தெரியும்.
விரிசலைக் கண்டால் நானும் அப்படித்தான் நிற்பேன்:
மூச்சை அடக்கி, குமிழை அரைக்கால் சுற்றுத் திருகி,
இல்லையென்று ஆகிவிடட்டும் என்று
இன்னொரு தரம்.

"டாக்டர் சொல்வார், அக்கா."
சொல்லவேண்டியதில்லை. பார்த்துவிட்டேன்.
மற்றச் சுவர்கள் உள்ளே வந்துபோக,
கீழ்ச்சுவர் மட்டும்
கடைசி பஸ்ஸுக்கு ஓட மனமில்லாத ஆள் போலப்
பின்தங்கியது.
நிற்கவில்லை. பின்தங்கியது.

விடிந்ததும் ஆஞ்சியோ.
மணிக்கட்டு வழியே கம்பி விடுவார்களாம்.
எங்கள் தங்கக் கம்பியைவிட மெல்லியதா என்றேன்.
"இல்லை, தடிமன்," என்றார் டாக்டர் ஊய்.
அப்படியானால் வெறும் கண்ணுக்கே தெரியும்.

கட்டிலைச் சிவப்புப் பகுதிக்குத் தள்ளினார்கள்.
எங்கள் ஆலையில் சிவப்புக்குப் போனதை
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
இங்கே சிவப்பில்தான் ஆள் ஓடிவருகிறது.

ரொஹானாவிடம் சொல்லியனுப்பினேன்:
மூன்றாம் மேசையில் ஒரு மஞ்சள் தட்டு இருக்கும்,
பதினாறு சில்லு.
யாரும் கழித்துவிடவேண்டாம்.
இன்னொரு முறை பார்க்கணும்.