பத்துக் கட்டம்

எங்கள் குடும்பப் பெயர் பிறந்தது
மொன்றியல், மிராபெல் விமான நிலையத்தில்.
எண்பத்தேழு மாசி, ஒரு புதன்கிழமை,
பின்னேரம் ஆறு இருக்கும்,
வெளியே இருட்டிவிட்டது என்பார் அப்பா.

அதற்கு முன் எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை.
அப்பாக்கள் இருந்தார்கள்.
தவயோகனுக்கு முன்னால் ஒரு 'க',
அதற்குள் கணபதிப்பிள்ளை.
கணபதிப்பிள்ளைக்கு முன்னால் ஒரு 'வி',
அதற்குள் வினாசித்தம்பி.
வினாசித்தம்பிக்கு முன்னால் யாரென்று
கேட்டால் அப்பா தேத்தண்ணி போடப் போய்விடுவார்.
ஆளுக்கு ஓர் எழுத்து, ஒரு புள்ளி.
அவ்வளவையும் மடியில் சுருட்டிக்கொண்டு
நடந்து வந்த சனம்.

அதிகாரி படிவத்தைத் திருப்பி நீட்டினார்.
முன்னால் நடந்தவரை
பின்னால் போய் நிற்கச் சொன்னது அது.
நிற்பதற்குப் பத்துக் கட்டம்.

தகப்பன் பெயரை அப்பா ஆங்கிலத்தில்
எழுத்துக்கூட்டிச் சொன்னார். பதினைந்து எழுத்து.
பத்தாவது கட்டத்தில் ஒரு 'பீ' விழுந்ததும்
தாள் முடிந்தது.
முத்திரை.

கணபதிப்.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.
எழுதிய வரைக்கும் எல்லாம் சரி.

ஆனால் தமிழில் எந்தச் சொல்லும்
'ப்' என்று முடியாது.
பின்னால் ஆள் வருகிறது என்று
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எழுத்து அது.
மொன்றியலில்,
மாசி மாதத்தில்,
கதவைத் திறந்து பிடித்தபடி
நாங்கள் ஒரு குடும்பம்.

சித்தப்பா ரொறன்ரோவில் இறங்கினார்.
அவருக்குக் கிடைத்த படிவம் நீளம்.
முழுப் பிள்ளையோடு இருக்கிறார்.
இருவரும் ஒரே தாய் வயிறு என்று நிறுவ
வழக்கறிஞருக்கு நானூறு டொலர் போனது.

கல்யாணம் கட்டினாலும் பெண்
பெயர் மாற்ற முடியாத மாகாணம் இது.
அம்மா முத்துவேலு. அவளுடைய அப்பா.
எங்கள் தபால்பெட்டியில்
மேலும் கீழுமாக இரண்டு ஆண்கள்,
கனடாவைக் கண்ணாலும் காணாதவர்கள்.
தொலைபேசி பில் அவர்களுக்குத்தான் வரும்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் கீழ்வீட்டு வெதுப்பகக்காரர்
அனக்னோஸ், கிரேக்கர்.
எங்கள் கதையைக் கேட்டு மாத்தட்டிச் சிரித்தார்.
உண்மையில் அனக்னோஸ்தோபூலோஸ்.
'பூலோஸ்' என்றால் பிள்ளை.
வெட்டியது அதிகாரி இல்லை, அவர் அப்பா:
கடைப்பலகை எழுதுகிறவன்
எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்டானாம்.

எனக்குப் பதின்மூன்று வயது.
கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்,
கட்டத்துக்கு வெளியே விழுந்த ஐந்து எழுத்தையும்
நிரையாக எழுதிப் பார்த்தேன்.
ஐ. எல். எல். ஏ. ஐ.
சேர்த்து வாசித்தேன்.

இல்லை.

கொப்பியை மூடினேன்.
அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு, வேலை கிடைத்த வருடம்,
பெயர்திருத்தும் விண்ணப்பம் எடுத்து வந்தேன்.
அதில் காரணம் எழுத நாலு வரி.
அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் பார்த்துவிட்டு
'இந்தப் பேரிலைதானே
கோப்பை கழுவிச் சம்பளம் எடுத்தனான்' என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
நாலு வரியும் வெறுமையாய்க் கிடந்து
எங்கோ தொலைந்தது.

போன தை. விடியப்புறம் மூன்று மணி.
பேறு விடுதியின் ஜன்னலில் பனி
பக்கவாட்டில் பெய்கிறது.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
தாதி ஒரு பட்டியை அச்சடித்து
சுண்டுவிரல் தடிப்புக் காலில் கட்டினாள்.
இங்கே வழக்கம் அப்படி:
தாயின் பெயர், பிறகு 'பெபே'.

அப்பா சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார்.
குனிந்தார். உதட்டை அசைத்து,
எழுத்தெழுத்தாய்:
கணபதிப்
பெபே.

மூடிய உதடு திறந்தது.
இன்னொரு தரம் வாசித்தார்.

'ஒற்று சரியாத்தான் மிகுந்திருக்கு' என்றார்,
யாருக்கென்றில்லாமல்.
பிள்ளை கத்தத் தொடங்கியது.
அவர் கார் நிறுத்தியதற்குக்
காசு போடப் போய்விட்டார்.