ஒரே ஒரு மடிப்பு

கலிவரதன் பேன்ட்டுக்கு
இது நான்காவது ட்ரயல்.

திருப்பாதிரிப்புலியூர், அமீர்ஜான் கடை.
கண்ணாடி முன்னால் ஸ்டூல் ஏறி நிற்கிறான்,
பதவிப் பிரமாணம் எடுக்கப் போகிறவன் மாதிரி.
"ஷூ மேல ஒரு மடிப்பு விழணும் பாய்.
ரெண்டு விழக்கூடாது."
பாய் வாயில் குண்டூசிகள். பதில் இல்லை.

பெண் பார்க்கப் போனபோது
பெண்ணை ஐந்து நிமிஷம் பார்த்தான்.
இந்தத் துணியைப் பார்க்க
பாண்டிச்சேரிக்கு மூன்று தடவை பஸ் ஏறினான்:
டியூப்லைட்டில் ஒரு தரம்,
வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் ஒரு தரம்.
மூன்றாவது எதற்கடா என்றேன்.
"மேகமூட்டத்துல எப்படி இருக்குன்னு."

இடுப்பளவு மட்டும் தனி விவகாரம்.
டேப் நெருங்கும்போது மூச்சை உள்ளிழுப்பான்;
பாய் தன் பாட்டுக்கு
இரண்டு இஞ்ச் கூட்டி எழுதிக்கொள்வார்.
பத்து வருஷமாய்
இருவரும் இதைப் பேசியதே இல்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி
பிடித்த மழை விடவில்லை.
காலையில் சப்வே குளம்.
மஞ்சக்குப்பம் போக வேண்டிய மாப்பிள்ளை
ஒரு கையில் ஷூ, ஒரு கையில் தாம்பூலத் தட்டு,
நாலு ட்ரயல் கண்ட பேன்ட்
முட்டிக்கு மேல் சுருட்டி.

மடிப்பு ஆறு. எண்ணிப் பார்த்தேன்.

பெண் ஜன்னல் வழியே
அவன் காலைத்தான் பார்த்தாள்.
"குழாய் அந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.

நான் சிரிக்கவில்லை.
கைலியோடுதான் வந்திருந்தேன்.
மயில்கண் கரை வேட்டி
பாலிதீன் பைக்குள்,
தலைமேல்.