பதினோராம் படி

மூன்றாம் வீதிக்குக் கல் பாவும்போது
கொத்தனார் சூசை இரண்டு முறை கேட்டார்:
"இடுக்கை அடைக்க வேணாமா மேடம்?"
வேண்டாம் என்றேன்.
"கலவை மிச்சமிருக்கு."
இருக்கட்டும்.

சுண்டுவிரல் நுழையும் இடைவெளி
ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில்.
அதில் மிளகளவு சல்லி,
அடியில் நெல்லிக்காய் அளவில்,
அதற்கும் அடியில் கைக்கு அடங்காத ஜல்லி,
பிறகு கோட்டையூரின் பிடிவாதமான செம்மண்.
பல்லு விழுந்த ரோடு என்று
சைக்கிளில் போன பையன் பெயர் வைத்தான்.
பேரூராட்சிக் கோப்பில்
அதற்கு வேறொரு நீளமான பெயர்.

ஐப்பசி பத்தாம் தேதி மழை.
நான்காம் வீதி சிமெண்டில்
தண்ணீர் கூட்டமாக இறங்கியது,
ஒற்றைச் செருப்பு, பால் கவர்,
யார் வாசலிலோ கரைந்த கோலமாவு
எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு
திருப்பத்தில் சறுக்கி
வரத்துக்கால் வழியே ஊருணிக்கு.
மூன்றாம் வீதியில்
மழை விழும் சத்தம் மட்டும்.
விழுந்தது ஓடவில்லை,
நின்ற இடத்திலேயே காணாமல் போனது
கடன்கொடுத்தவனைக் கண்டவன் போல.

பதினெட்டு நாள் வெயிலுக்குப் பிறகு
துளைக்கருவியோடு போனேன்.
மூன்று சாண் ஆழத்து மண்
நூறு கிராம் நிறுத்து
வீட்டு தோசைக்கல்லில் வறுத்தேன்.
அலுவலக அடுப்பு ஆடியிலிருந்தே பழுது.
சமையலறையில் மழை வாசனை எழும்ப
கணவர் ஜன்னலுக்குப் போய்
கொடித்துணியைப் பார்த்தார்.
வானம் வெளுத்திருந்தது.

கல்லுக்கடி மண் எண்பத்தாறாக இளைத்தது.
சிமெண்ட் ஓரத்து மண் தொண்ணூற்றாறு.
வித்தியாசம் பத்து கிராம்,
இரண்டு தேக்கரண்டித் தண்ணீர்.
வீதி நீளத்துக்கு அதைப் பெருக்கியபோது
கால்குலேட்டரில் இடம் போதவில்லை,
எனக்கும்.

அன்று மாலையே சாத்தையா வந்தார்.
ஊருணியில் கால் கழுவுகிறவர்களை விரட்ட
சம்பளம் வாங்குபவர்.
"உங்க ரோடு எங்க தண்ணியைக் குடிக்குது."
எப்படிச் சொல்கிறீர்கள்?
"இம்புட்டு மழைக்குப் பதினோராம் படி நனையணும்.
ஒம்பதோட நிக்குது."
அவர் எண்ணுவது கீழிருந்து.
நான் போய் மேலிருந்து எண்ணினேன்.
எப்படி எண்ணினாலும் இரண்டு படி குறைந்தது.

ஓட்டுச் சரிவு, முற்றம், சுவரடித் துளை,
வீதி, வரத்துக்கால்.
ஒவ்வொன்றும் அடுத்ததன் கையில்
குடத்தைக் கொடுக்கும் ஊர் இது.
வரைபடத்தில் பார்த்துத்தான் இருந்தேன்.
நடுவில் நான் ஒரு வாயைத் திறந்துவிட்டேன்.

மண்ணுக்குள்தான் இருக்கிறது, எங்கும் போகவில்லை என்றேன்.
"மண்ணுக்குள்ள குடத்தை முக்க முடியுமா?"
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

கார்த்திகையில் இன்னும் இரண்டு மழை.
சல்லி வயிறு முட்டிக்
குடித்தது போக மிச்சத்தை
சாவகாசமாக வெளியே விட்டது.
பத்தாம் படி.
இடுக்குகளில் புழுதியும் ஏறிவிட்டது.
"பெருக்கினா உள்ள போகுது,
நோண்டினா கல்லும் சேந்து வருது" என்றாள்
துப்புரவுப் பணியாளர் பாண்டிச்செல்வி.
அதையும் எழுதிக்கொண்டேன்.

மாசியில் சாத்தையா போன் செய்தார்.
ஊருணியின் மேற்குச் சுவரில்
ஆறாம் படிக்கு மேலே
செம்புறாங்கல் வியர்த்திருந்தது.
"உங்க தண்ணியான்னு பாருங்க."
எங்க தண்ணி எப்போது உங்க தண்ணியானது
என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் வீதி அந்தப் பக்கம்தான்.
நாச்சம்மை மெஸ்ஸின் கைகழுவும் தொட்டியும்
அந்தப் பக்கம்தான்.
விரலில் தொட்டு முகர்ந்தேன்.
குளிர்ந்திருந்தது. ரச வாசனை இல்லை.
அறிக்கைக்கு இது போதாது.
கசிவு என்று எழுதிப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன்.

சாத்தையா அடியில் ஒரு சொம்பை வைத்தார்.
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே
இருவரும் எண்ணினோம்.
அவருக்கு இருபத்திரண்டு வந்தது.
எனக்கு இருபத்து நான்கு.