கிடைத்தது

மாநகரசபையில் மனுக்களுக்கு முத்திரை குத்துபவன் நான்.
செவ்வாய்க்கிழமை பத்தரைக்குச் சவரியாயி வருவாள்,
கிராண்ட்பாஸ் வீதியைக் கூட்டி முடித்து,
குழாயடியில் கழுவிய கால்
சிமெந்துத் தரையில் பதியப் பதிய.

"மனு ஒண்ணு, நகல் ஒண்ணு.
ரெண்டுலயும் குத்துங்க ஐயா."

பிரசாவுரிமை இல்லாத
முந்நூற்றுப் பதினொரு தினக்கூலிகள்.
குப்பை வண்டியின் இலக்கம் தெரியும் சபைக்கு,
தள்ளுகிறவர் பெயர் தெரியாது.

வேலைநிறுத்தத்தின் நாலாம் நாள்
புறக்கோட்டை மீன்செதிலும் பலாச்சக்கையுமாய் நாறியது.
நகரமண்டப வாசலில்
ஈர்க்குமாறுகளை மடியில் கிடத்தி
உட்கார்ந்திருந்தார்கள்.
நான் மேல்மாடி ஜன்னலில், கையில் பிளேன்டீ.

தடி விழுந்தது.
துவைகல்லில் ஈரப்புடவை விழும் அதே சத்தம்.
எவரும் எழவில்லை.
ஒருவன் எழுந்தான். அவள் மகன், பிலேந்திரன்,
கையில் கல்.
நெற்றியில் வடிந்ததை அவள் துடைக்கவில்லை.
கடையில் மிச்சக்காசு கேட்பவள்போல்
உள்ளங்கையை மட்டும் நீட்டினாள்.

எவ்வளவு நேரமோ.
என் தேநீர் ஆறிவிட்டது.
பிறகு கல் கை மாறியது.

அடுத்த செவ்வாய், தையல் போட்ட நெற்றியோடு வந்து
மனுவின் மேல் அதை வைத்தாள்.
"எறியாதது. இதுக்கும் ஒரு நம்பர் போடுங்க."
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
போட்டேன்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு வந்துகொண்டிருந்தன.
தார் ஒட்டிய ஜல்லி, ஓட்டுத்துண்டு,
ஒருமுறை உடைந்த சோடாப் போத்தலின் கழுத்து.
ஆருடைய கையிலிருந்து என்று சொன்னதேயில்லை.

எண்பத்துமூன்று ஆடியில் அவள் வரவில்லை.
நானும் இருக்கவில்லை; பள்ளிக்கூட முகாமில்
பாணுக்கு வரிசையில் நின்றேன்.
ஆவணியில் வந்தாள், வெறுங்காலோடு.
மனு மட்டும். கல் இல்லை.
பிலேந்திரனைப் பற்றி நான் கேட்கவில்லை.
நகலிலும் குத்தச் சொன்னாள்.

இதைச் சொல்லியாக வேண்டும்:
அந்த மனுக்கள் எந்த மேசைக்கும் போகவில்லை.
'கிடைத்தது' என்று குத்துவேன்,
படிக்கட்டுக்குக் கீழே இரும்பு அலுமாரியில் போடுவேன்.
மேலிடத்து உத்தரவு.
வாயால் வந்த உத்தரவு.

ஒருநாள் போகிற போக்கில் நின்று கேட்டாள்:
"அந்த அலுமாரித் திறப்பு ஆருகிட்ட ஐயா?"

துலைந்துவிட்டது என்றேன்.
என் சட்டைப்பையில் கனத்தது.

பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.
அன்று எனக்குமுன் நீண்டிருந்தது அதே உள்ளங்கையா,
நகலை வாங்க நீட்டியதா,
இன்றுவரை நிச்சயமில்லை.

"தேடுங்க," என்றாள்.
"செவ்வாய்க்கிழமை வாறேன்."