எடைக்குப் போகாதது

கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம்
கிரேன் இறக்கிவிட்டுப் போனபோது
அந்த வெள்ளை இண்டிகாவின் கிரில்லில்
ஒரு சில்வர் ஓக் இலை சொருகியிருந்தது.
ஏற்காட்டு வண்டி என்று
யாரும் சொல்லத் தேவையில்லை.

பதினான்காவது கொண்டை ஊசி வளைவு.
இடப்பக்கமாய்ச் சரிந்து
பாறைமேல் உட்கார்ந்துவிட்டதாம்.
இன்சூரன்ஸ்காரர் நாலு பக்கமும் போட்டோ பிடித்து
மொத்தமும் போச்சு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டார்.

மொத்தமும் எப்போதும் போவதில்லை.
நாங்கள் சோறு தின்பது அதில்தான்.

முதலில் பேட்டரி.
எண்ணெய் எல்லாம் வடிய ஓர் இரவு.
மறுநாள் தவமணி ஸ்பானரோடு அடியில் படுத்தான்.
பின்சீட்டுக்குக் கீழே காப்பிக்கொட்டைப் பொட்டலம் ஒன்று
வெடித்துத் தரையெங்கும் சிதறியிருந்தது.
மூன்று நாள் எங்கள் கொட்டகை
டீசலும் காப்பியுமாக மணந்தது.

ஆல்டர்னேட்டரை ஓமலூர் மெக்கானிக்
கையால் சுழற்றிக் காதோரம் வைத்துக் கேட்டு
வாங்கிப் போனார்.
பின்கதவை ஒருத்தர்
தர்பூசணியைத் தட்டுவதுபோல் தட்டித் தட்டிப் பார்த்து
இருநூறு குறைத்தார்.
ரிம் மூன்று நேர்; நாலாவது வடைச்சட்டி.
வலது கண்ணாடி ஆத்தூருக்கு,
வைப்பர் மோட்டார் எங்கே போனதென்று
இன்றுவரை தெரியாது.

இடது முன்சீட்டை
யாரும் விலை கேட்கவில்லை.
நானும் காட்டவில்லை.
தவமணி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தான்.

பிரேக்கை நான்தான் பிரித்தேன்.
கழற்றுமுன் ஒருமுறை மிதித்தேன்,
கல்லாக நின்றது.
ஆயில் கோட்டுக்குமேல்.
டிஸ்க்கில் கீறல் இல்லை.
பேட் புதுசு.
அன்று மாலையே அஸ்தம்பட்டி டாக்சி செபாஸ்டின்
எல்லாவற்றையும் வாங்கித் தன் வண்டியில் பூட்டிக்கொண்டான்.
அதே மலைக்குத்தான்
தினம் இரண்டு நடை.

பத்தாம் நாள் ஒருவர் வந்தார்.
வலதுகை கழுத்துத் தூளியில்,
வாசலில் ஆட்டோ காத்திருக்க.
ஆர்.சி. புத்தகத்தில் படித்த பெயர்:
கருணாகரன், பேர்லேண்ட்ஸ், சேலம் 16.
"பக்கத்துல உக்காந்திருந்தது
தங்கச்சி வீட்டுக்காரர்" என்றார்.
நான் கேட்கவில்லை.
"பிரேக் பிடிக்கலைன்னு சொல்லியிருக்கேன்.
எல்லார்கிட்டயும்.
தங்கச்சிகிட்டயும்."
பிறகு
கழற்றிப் போட்ட இரும்பை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு,
"அந்த பிரேக் சாமான் இருக்கா?"

வாசலில் போர்டு வைத்திருக்கிறேன்,
தவமணி கையெழுத்து, ஒரு எழுத்துப் பிழையோடு:
ஓடுவது விலைக்கு
ஓடாதது எடைக்கு.
உள்ளே வரும்போது படித்திருப்பார்.

எடைக்குப் போட்டுட்டேன் என்று
சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது,
கிலோ இருபத்தாறு ரூபாய்ப் பொய்.
செபாஸ்டின் அந்நேரம்
எத்தனையாவது வளைவில் இருந்தானோ.

"வித்துட்டேன்" என்றேன்.

விலை படியாதவர்போல்
கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.
"எவ்வளவுக்கு?"
"ஆயிரத்து எண்ணூறு."
"நல்ல விலை" என்றார்.
அந்த இரண்டு சொல்லுக்குள்
அவர் ஒருமுறை மலையேறி இறங்கியிருக்க வேண்டும்,
நெற்றி வேர்த்துவிட்டது.

போவார் என்று நினைத்தேன்.
சுவர்ப்பக்கம் போனார்.
சீட்டைத் திருப்பவில்லை.
அதன் முதுகுக்குப் பின்னால்
தூளிக் கையோடு கஷ்டப்பட்டுக் குந்தினார்.
ஆட்டோக்காரர் மூன்று முறை ஹாரன் அடித்தார்.
தவமணி சல்லடையில் நட்டுகளை அலசுவதை நிறுத்தினான்.

நான் ஒரு கதவுக் கண்ணாடியை எடுத்துவைத்துத்
துடைக்க ஆரம்பித்தேன்.
நேற்றே துடைத்ததுதான்.